பென்னி நல்லாப் பேசுவானாம்

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறியா பாப்பா? கண்ணாடி இது, அதான். ஜன்னலோரமா சாய்ச்சு வச்சா இடிபடாது. நீ எங்க இறங்கணும், திண்டுக்கல்லா? நான் வடமதுரை. உனக்கு முன்னாடியே இறங்கிருவேன். மேல வைக்கச் சொல்றாரு கண்டக்டரு. மேல வச்சா, இவரு போடுற பிரேக்குக்கு யார் தலையிலயாவது விழுந்துரும். அப்புறம் லக்கேஜ் போடணும்னாரு. "என் பிள்ளை சட்டைய்யா இது, இதுக்கு என்ன லக்கேஜு"ன்னேன். டிக்கெட்டை மட்டும் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

சத்தமாப் பேசுறேனா? எல்லாரும் சொல்றதுதான். மில்லுக்காரி பாப்பா நான். ஸ்பின்னிங்ல மிஷின் ஓடுறப்ப பக்கத்துல நிக்கிறவகிட்டயே கத்தித்தான் பேசணும். கல்யாணத்துக்கு முன்னாடி போனவ, இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். தொண்டை அப்படியே ஆயிருச்சு. மெதுவாப் பேசினா எனக்கே நான் பேசுற மாதிரி இருக்காது.

ஆமா, பனியன்தான். ஃபுட்பால் பனியன். நாலாம் நம்பர். இனிமே அந்தக் காலேஜுல நாலாம் நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம், அவனுக்கு மரியாதையாம். பெரிய மனுசங்க சொல்றாங்க, நான் என்ன சொல்ல. போட்டு ஓடிக்கிட்டிருந்த சட்டையைக் கண்ணாடிக்குள்ள வச்சு ஆணி அடிச்சுக் குடுத்துட்டாங்க. துவைச்சாங்களா துவைக்கலையான்னுகூடக் கேக்க மறந்துட்டேன். துவைக்காம வச்சிருந்தா, கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு தடவை மோந்து பாக்கலாம்.

என் மகன். பெனடிக்ட். வீட்டுல பென்னி. ஒத்தப் பிள்ளை. திருச்சியில அந்தக் காலேஜுலதான் படிச்சான், ஃபுட்பால் டீமுக்குக் கேப்டன். கடைசி வருசம் படிக்கிறப்பப் போயிட்டான். போன மாசம்தான் வருசப் பூசை வச்சோம். இன்னைக்கு அவன் பேர்ல கோப்பை ஆரம்பிச்சிருக்காங்க. பெனடிக்ட் நினைவுக் கோப்பை. வருசா வருசம் நடத்துவாங்களாம். எங்கெங்கேயோ இருந்து காலேஜு பசங்க வந்து அவன் பேருக்காக ஆடுவாங்களாம். வாசல்ல அவன் படம் போட்டுப் பெருசா பேனர். நல்ல படம்தான். வாயைத் தொறந்து சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் அந்தப் படத்தைப் பாத்ததே இல்லை.

அங்கதான் பாப்பா எனக்கு முதல்ல ஒரு மாதிரி ஆச்சு. பென்னி அப்படிச் சிரிக்க மாட்டான்.

யார்கிட்டயாவது சொல்லணும்னு இருக்கு, உன்கிட்டச் சொல்றேன். தப்பா நினைக்காத. இன்னைக்கு அத்தனை பேரு மேடையேறிப் பேசினாங்க, ஒருத்தராவது என் பிள்ளையைப் பத்திப் பேசல. வேற யாரையோ பத்திப் பேசினாங்க.

பென்னி பேச மாட்டான். பொறந்ததிலேர்ந்தே அப்படித்தான். சோறு போடவான்னா "ம்". போதுமான்னா "ம்". வீட்டுல அவன் குரலைக் கேக்கறதே அபூர்வம். அவன் பங்குக்கும் சேத்து நான்தான் பேசுவேன். "பரீட்சை எப்படிடா எழுதின? எங்க எழுதியிருக்கப் போற, அந்தப் பந்தைக் கட்டிக்கிட்டு அழு, அதுவா வந்து உனக்குச் சோறு போடப்போவுது"ன்னு நானே கேட்டு நானே பதிலையும் சொல்லிருவேன். அவன் நின்னு கேப்பான். நல்லாக் கேப்பான், அதைச் சொல்லணும். மத்த பிள்ளைங்க மாதிரி எதுத்து ஒரு வார்த்தை வராது. "என்ன பிலோமினாக்கா, உங்க பையன் இருக்கற இடமே தெரியல"ன்னு தெருவுல சொல்லுவாங்க. எனக்குப் பெருமையா இருக்கும்.

மேட்ச்சா? இல்ல, பாத்ததில்ல. ஒண்ணுகூடப் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமையில எனக்கு ஷிப்டு வந்துரும். பன்னெண்டாவது படிக்கிறப்ப ஒருதரம் கூப்பிட்டான். "அம்மா, திண்டுக்கல்ல பைனல், வர்றியா?"ன்னான். "வெட்ட வெயில்ல நின்னு நீ பந்து உருட்டுறதைப் பாக்கணுமாக்கும், இங்க துணி குமிஞ்சு கிடக்கு"ன்னேன். சும்மா சொன்னதுதான், எல்லா அம்மாவும் சொல்றதுதான். அப்புறம் அவன் கூப்பிடல. இன்னொருதரம் கூப்பிட்டிருந்தாப் போயிருப்பேன்ல? கூப்பிடலையே.

அவன் அப்பா போவாரு. ரோட்டுமேல பஞ்சர் கடை வச்சிருக்காரு, கடையைச் சாத்திட்டுப் போவாரு. வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரும் பேசாத மனுசன்தான். இவரைப் பாத்துத்தான் அவனும் அப்படி ஆயிட்டான்னு நான் சண்டைகூடப் போட்டிருக்கேன்.

எப்படிப் போனான்னு நீ கேக்கல. கேக்க மாட்ட, நல்ல பிள்ளை. நானே சொல்றேன்.

யுனிவர்சிட்டி பைனல். அந்தக் காலேஜு ரொம்பக் காலமா ஜெயிக்கவே இல்லையாம். இவன் டீம்தான் ஜெயிச்சுச்சு. ஜெயிச்ச மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். முகமே செத்துப்போயிருந்துச்சு. வெயில்ல ஆடின களைப்புன்னு நினைச்சேன். வழக்கம்போலத் திட்டினேன். மிளகு ரசம் வச்சுச் சோத்தைப் பெசஞ்சு குடுத்தேன், ரெண்டு வாய் தின்னான். எனக்கு அன்னைக்கு முழு நைட்டு ஷிப்டு. கிளம்பிப் போயிட்டேன். காலையில வந்து நெத்தியைத் தொட்டா சில்லுன்னு இருக்கு. சரி, காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லைன்னு மாதாவுக்கு நன்றி சொன்னேன் பாப்பா. நன்றி சொன்னேன். அவன் எந்திரிக்க முடியாமக் கிடக்கான், கை காலெல்லாம் ஈரத்துணி மாதிரி இருக்கு. திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பிட்டாங்க. டெங்குன்னாங்க. காய்ச்சல் அடிக்கிறப்பவிட, விட்டப்புறம்தான் ஆபத்தாம். எனக்கு எப்படித் தெரியும்?

"எத்தனை நாளா காய்ச்சல் இருந்துச்சு?"ன்னு டாக்டரு கேக்குறாரு. பெத்தவளுக்குத் தெரியல. அப்பத்தான் தெரியுது, அந்த மேட்ச்சுக்கு முன்னாடியே அவனுக்குக் காய்ச்சல் இருந்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா ஆடவே விட்டிருக்க மாட்டேன், காலை உடைச்சுப் போட்டிருப்பேன். சொல்லலையே. மதுரையிலேயே முடிஞ்சுபோச்சு.

இந்தா, இந்தத் தண்ணி வேணுமா உனக்கு? பரவால்ல, நான் குடிச்சுக்கிறேன்.

இன்னைக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? பிரின்ஸ்பாலு பேசினாரு. நல்ல மனுசன்தான், எனக்கு அவரே சால்வை போட்டாரு. மைக்கைப் பிடிச்சாரு. "அனலாய்க் கொதித்த உடம்போடு களத்தில் நின்று, இந்தக் கல்லூரிக்குக் கோப்பையை வாங்கித் தந்த வீரன் பெனடிக்ட்"ன்னாரு. அத்தனை பேரும் கை தட்டுறாங்க. விசில் வேற. என் பிள்ளை காய்ச்சலோட ஓடினதுக்குக் கை தட்டுறாங்க பாப்பா.

என்னால உக்கார முடியல. எந்திரிச்சுட்டேன். எனக்கு எதுக்கு மைக்கு? "காய்ச்சல்னு தெரிஞ்சுதான் ஆட விட்டீங்களா?"ன்னு கேட்டேன். கைதட்டல் அப்படியே நின்னுபோச்சு. பிரின்ஸ்பாலு பேப்பரைப் பாக்குறாரு.

அவங்க கோச் தனபாலன்னு ஒருத்தரு. அவரு மேடையை விட்டு இறங்கி வந்து என் முன்னாடி நின்னாரு. பெரிய உடம்பு, மீசை எல்லாம் இருக்கு, அந்த ஆளு என்னைக் கையெடுத்துக் கும்பிடுறாரு. "சத்தியமாத் தெரியாதும்மா. மறைச்சுட்டான். கப்பு வாங்கினப்புறம் கட்டிப்பிடிச்சேன், அப்பத்தான் தெரிஞ்சுச்சு, உடம்பு நெருப்பா இருந்துச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாடான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். கேக்கல."

"என்ன சொன்னான்?"னு கேட்டேன்.

"வீட்டுக்குப் போறேன் சார், எங்கம்மா பாத்துக்குவாங்கன்னு சொன்னான்மா."

நான் உக்காந்துட்டேன். அதுக்கு மேல அந்த ஆளை நான் என்னத்தக் கேக்க.

எங்கம்மா பாத்துக்குவாங்களாம்.

எந்திரிச்சு வந்துரலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள நௌஷாத் மைக்கை வாங்கிட்டான். கோல்கீப்பரா இருந்த பையன், இவனோட ரூம்ல ஒண்ணா இருந்தவன். இப்ப ரயில்வேயில வேலை. அடக்கத்துக்கு வந்தப்பப் பாத்தது, அன்னைக்கு நின்னுக்கிட்டே இருந்தான், ஒண்ணும் பேசல. இன்னைக்குப் பேசினான். "பெனடிக்டைப் பத்திச் சொல்லணும்னா, அவன் வாயைப் பத்தித்தான் சொல்லணும்"னு ஆரம்பிச்சான். கிரவுண்டுல இறங்கினா வாயை மூடவே மாட்டானாம். ரெஃப்ரீயே "கொஞ்சம் சும்மா இருப்பா"ம்பாராம். பஸ்ஸுல போறப்ப முன்னாடி நின்னு பாட்டாம். தோத்துட்டு அழுதுக்கிட்டு வர்ற பசங்களை ஊர் வந்து சேர்றதுக்குள்ள சிரிக்க வச்சிருவானாம். ராத்திரியில பேச்சை நிறுத்தச் சொல்லி அடுத்த ரூம் பசங்க செவுத்தைத் தட்டுவாங்களாம். எல்லாரும் சிரிக்கிறாங்க. "ஆமா ஆமா"ங்கறாங்க. அந்த கோச்சும் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிக்கிறாரு.

நான் அந்த பேனரைத் திரும்பிப் பாத்தேன். பேரு சரியாத்தான் போட்டிருக்கு. முகமும் அவன் முகம்தான். ஆனா இவங்க சொல்றது யாரை?

அப்புறம் மேட்ச்சு. நௌஷாத் என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டான். "ஒரு மேட்ச்சாவது பாத்துட்டுப் போங்கம்மா"ன்னான். எனக்கு அதுல என்ன தெரியும்? பந்து அங்கிட்டுப் போகுது, இங்கிட்டு வருது. எல்லாம் சின்னச் சின்னப் பசங்க, முதல் வருசத்துப் பசங்களாம், இவன் போனப்புறம் சேந்தவங்க. திடீர்னு பின்னாடி நிக்கிற ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துறான்:

"கதவைச் சாத்துங்கடா, கொசு வருது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது நான் சொல்றது பாப்பா. எங்க வீட்டுல பொழுது சாஞ்சா நான் கத்துறது அது. இந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறேன், அந்தப் பக்கம் இன்னொருத்தன், "நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசுறேன்?"ங்கறான். பந்தைக் குடுக்காத பையனைப் பாத்து. அதுவும் நான் சொல்றதுதான். பந்தை விட்டுட்டு ஒருத்தன் சும்மா நிக்கிறான், "தின்ன தட்டை யாருடா எடுப்பா?"ன்னு நாலு பேரு கத்துறானுங்க.

என்னைக் கேலி பண்றானுங்கன்னு நினைச்சுட்டேன். யாரோ எங்க தெருப் பையன் சொல்லிக் குடுத்திருக்கான், சால்வை போட்டுக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேலி பண்றானுங்கன்னு. கோவத்துல எந்திரிச்சேன். நௌஷாத் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"அம்மா, அது பென்னி பாஷைம்மா."

"என்னடா பாஷை?"

"அவன்தான் கொண்டு வந்தான். முதல் வருசமே. பின்னாடி ஆள் இல்லாம இடம் விட்டுட்டா, 'கதவைச் சாத்துங்கடா'ம்பான். உங்க குரல்லயே சொல்லுவான், கையை இடுப்புல வச்சுக்கிட்டு. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். எதிர் டீமுக்கு ஒண்ணும் புரியாது. அப்படியே எல்லாரும் பழகிட்டோம். எங்ககிட்டேர்ந்து ஜூனியருங்க, அவங்ககிட்டேர்ந்து இவங்க. இந்தப் பசங்களுக்கு இது யார் சொன்னதுன்னுகூடத் தெரியாதும்மா. இந்தக் காலேஜு ஆட்டமே இப்படித்தான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

நான் உக்காந்து பாத்தேன். அவ்வளவு பெரிய கிரவுண்டு. அத்தனை பயலுகளும் என் வாயால கத்திக்கிட்டு ஓடுறானுங்க. ஒருத்தன் கீழ விழுந்து காலைப் பிடிச்சுக்கிட்டு உருளுறான், சும்மா நடிப்பு, எனக்கே தெரியுது. அவன் டீம் பையனே கிட்ட வந்து, "எந்திரி, உங்கப்பனா வந்து தூக்குவான்?"னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பென்னி போனப்புறம் இன்னைக்குத்தான் சிரிச்சேன். சிரிச்சது நிக்கல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டேன். நௌஷாத் முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டே "அழுங்கம்மா, அழுங்க"ன்னான்.

கொஞ்சம் ஆறினப்புறம் அவன்கிட்டக் கேட்டேன். "இவ்வளவு பேசுறவன் வீட்டுல ஏண்டா பேசல?"ன்னு. அவன் வாய் தவறிச் சொல்லிட்டான், "வீட்டுல எங்கடா சான்ஸ் கிடைக்குதும்பான்மா"ன்னு. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

பாத்தியா? சான்ஸ் கிடைக்கலையாம். நான் என்ன அவன் வாயைப் பொத்தியா வச்சேன்? பேசியிருந்தாக் கேட்டிருக்க மாட்டேனா? வாயைத் தொறந்தாத்தானே கேக்க முடியும், நீயே சொல்லு. இத்தனை வார்த்தையை என்கிட்டேர்ந்து எடுத்துட்டுப் போயிருக்கான். அதுல ஒண்ணை, ஒரே ஒண்ணை, என்கிட்டத் திருப்பிச் சொல்றதுக்கு என்ன?

இரு, போன் அடிக்குது. அவருதான்.

சொல்லுங்க... பஸ்ஸுலதான் இருக்கேன். வையம்பட்டி தாண்டியாச்சு... சாப்பிட்டேன். பிரியாணி போட்டாங்க. நீங்க?... ம்... அவனைப் பத்தியா? நல்லாத்தான் சொன்னாங்க. பனியன் குடுத்திருக்காங்க, கண்ணாடி போட்டு... கேளுங்க, பென்னி நல்லாப் பேசுவானாம். பாட்டெல்லாம் பாடுவானாம். நான் வேற யாரையோ சொல்றாங்கன்னு நினைச்சுட்டேன்... என்னது? கேக்கல, பஸ்ஸு சத்தம். பெலமாச் சொல்லுங்க...

யாருகிட்ட?

எப்ப?... தினமுமா?

ம்... சரி... இல்ல, ஒண்ணுமில்ல. வந்துருவேன். வைங்க.

நீ படி பாப்பா, உன் போனைப் பாரு. ஒண்ணுமில்ல.

"என்கிட்டப் பேசுவானே"ங்கறாரு. அவ்வளவு சாதாரணமாச் சொல்றாரு. எனக்கு நைட்டு ஷிப்டு இருக்கற அன்னைக்கெல்லாம் ஹாஸ்டல்லேர்ந்து போன் போடுவானாம். மத்த நாள்ல கடைக்குப் போடுவானாம். மேட்ச்சைப் பத்தி, கூட இருக்கற பசங்களைப் பத்தி, யார் எப்படி நடப்பான், எப்படிப் பேசுவான்னு எல்லாரையும் நடிச்சுக் காட்டுவானாம். இவரு இங்க இருந்துக்கிட்டுச் சிரிப்பாராம். இவரு சிரிச்சு நானே பாத்ததில்ல. "ஒருநாள் விடாமப் பேசிருவான் பிலோ"ங்கறாரு. ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் அவரா வாயைத் தொறந்து இவ்வளவு பேசியிருக்காரு.

ஒருநாள் விடாம.

அப்படின்னா அந்தப் பைனலுக்கு முந்தின நாளும் பேசியிருப்பான்.

வாய் வரைக்கும் வந்துருச்சு பாப்பா. "காய்ச்சல்னு உங்ககிட்டச் சொன்னானா?"ன்னு. நுனி நாக்குல நிக்குது. என்னைப் பத்தி உனக்கே இப்ப ஓரளவு தெரிஞ்சிருக்கும், நான் வந்த வார்த்தையை முழுங்குறவ இல்ல. ஆனா கேக்கல. கேட்டா அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது.

இந்த ஒரு வருசமா கடைக்குப் போவாரு, தொறக்க மாட்டாரு. ஷட்டர் முன்னாடி உக்காந்துட்டுத் திரும்பி வந்துருவாரு. கல்லறைக்கு வாங்கன்னா வர மாட்டாரு. இன்னைக்கும் எவ்வளவு கெஞ்சினேன், "நீ போயிட்டு வா, என்னால அங்க வந்து உக்கார முடியாது"ன்னுட்டாரு. பிள்ளை மேல பாசமே இல்லையான்னு இன்னைக்குக் காலையில பஸ்ஸு ஏறுறப்பக்கூட ஏசிட்டுத்தான் வந்தேன். அவரு குனிஞ்சுக்கிட்டு நின்னாரு.

அய்யலூர் வந்துருச்சா? அடுத்தது எங்க ஊருதான். இதைக் கொஞ்சம் பிடிச்சுக்க, முந்தியைச் சரி பண்ணிக்கிறேன்.

சொல்லியிருப்பான் பாப்பா. அப்பாகிட்டச் சொல்லியிருப்பான். "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க, ஆட விடமாட்டா"ன்னும் சொல்லியிருப்பான். இவரும் சரின்னிருப்பாரு. பிள்ளை ஆசையாக் கேக்குறப்ப எந்த அப்பன் இல்லைம்பான். அதைத்தான் அந்த மனுசன் ஒத்தையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

நான் கேக்க மாட்டேன். இன்னைக்கும் கேக்க மாட்டேன், இனிமேலும் கேக்க மாட்டேன். போனதும் சோத்தை வடிச்சு, அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு, பக்கத்துல நானும் உக்காருவேன். பென்னி போன்ல என்னென்ன பேசுவான், அந்தப் பசங்களை எப்படி நடிச்சுக் காட்டுவான், என்னை எப்படி நடிச்சுக் காட்டுவான், அதை மட்டும் சொல்லச் சொல்லுவேன். மத்ததை அவரா சொன்னாச் சொல்லட்டும். இந்த வருசம் சொன்னாலும் சரி, இன்னும் பத்து வருசம் கழிச்சுச் சொன்னாலும் சரி.

குடு பாப்பா, பிடிச்சுக்கிட்டேன். நீ உக்காரு, நான் ஓரமாப் போயிருவேன்.

சொன்னா, கடைசி வரைக்கும் கேட்டுக்கிறேன். நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன்.